மழை அளவும் மலைச்சரிவும்

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் மழை அளவு வாசிப்பார்கள், கேட்டிருப்பீர்கள். பாபநாசம் இத்தனை மில்லிமீட்டர், நாலுமுக்கு இத்தனை, ஊத்து இத்தனை என்று. நம்மில் பலருக்கு அணையின் நீர்மட்டம்தான் வேண்டும், மழைக்கணக்கைக் காதில் வாங்குவதில்லை. நான் புவியியல் வாத்தியாராக இருந்தவன். எனக்கு அந்த மில்லிமீட்டர்தான் முக்கியம். இலங்கையின் இயற்கைச் சீற்றங்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதையும் மில்லிமீட்டரிலிருந்தே தொடங்குகிறேன்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 950 மில்லிமீட்டர் கொட்டியது. நாம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். இலங்கை மலைநாட்டில் அவ்வளவெல்லாம் வேண்டாம். ஒரு நாளில் 75 மில்லிமீட்டர் பெய்தால் அங்கே உஷாராகிவிடுவார்கள். 100 என்றால் எச்சரிக்கை. 150-ஐத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். அந்நாட்டின் தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பு வைத்திருக்கும் கணக்கு இது. சமவெளியில் தண்ணீர் தேங்கும். மலையில் மண்ணுக்குள் இறங்கும். பாறைக்கு மேலே கிடக்கிற மண் ஊறி, கனத்து, பிடி விட்டு வழுக்கும். காட்டை அழித்துத் தேயிலை போட்ட செங்குத்துச் சரிவுகளில் கேட்கவே வேண்டாம். அங்கே பருவமழையும் இரண்டு. மே மாதத்துத் தென்மேற்கு மழை மேற்குச் சரிவுகளைப் பிடிக்கும். நம் ஐப்பசி, கார்த்திகை அடைமழை பதுளைப் பக்கத்துக் கிழக்குச் சரிவுகளைப் பிடிக்கும்.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருந்தார். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். நம் பக்கத்திலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறிப் போனதுதானே. அடைமழைக் காலத்தில் ஆச்சி தூங்கமாட்டார். கதவைத் திறப்பார், மூடுவார், மறுபடியும் திறப்பார். "ஆச்சி, திருடனா வரப்போறான்?" என்று கேட்டால், "எய்யா, கதவு இறுகுதான்னு பாக்கேன்" என்பார். மலை அசையத் தொடங்கினால் வாசல் நிலை கோணும், நேற்றுவரை லேசாக மூடிய கதவு இன்றைக்கு மூடாது. தரையில் புதுசாய் விரிசல் ஓடும். வேலிக்கால் சாயும். மலை ஊற்றிலிருந்து வரும் பீலியில் தெளிவாக வந்த தண்ணீர் கலங்கி வரும், இல்லையென்றால் சட்டென்று நின்றுவிடும். இத்தனையையும் எனக்கு வரிசையாகச் சொன்னவர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அந்த ஆச்சிதான். பிறகு நான் வகுப்பில் நடத்திய பாடத்தில் அவர் சொல்லாதது ஒன்றும் இல்லை! பாளையங்கோட்டையில் ஏது மலை, ஏது சரிவு? ஆனாலும் அவர் சாகும்வரை மழை வந்தால் கதவைச் சோதித்தார்.

அடையாளம் தெரியும், அளவும் தெரியும். கிராமத்தாரிடமே எளிய மழைமானியைக் கொடுத்து அளக்கப் பழக்கியும் இருக்கிறார்கள். அப்புறம் ஏன் சாகிறார்கள்? நான் சொல்ல வந்ததே இதுதான். 2014 அக்டோபர் 29, காலை நேரம். பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் வீடுகளை மூடியது. அது ஆபத்தான இடம், ஆட்களை அப்புறப்படுத்துங்கள் என்று 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தார்கள். போகச் சொல்வது எளிது. போவது எங்கே? காம்பரா என்கிற பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறையில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. காம்பராவும் தோட்டத்துடையது. விட்டு விலகினால் வேலைக்குப் போகிற வழியும் தூரமாகிவிடும். காகிதத்தில் எச்சரிக்கை தந்தவர்கள் கூடவே ஒரு துண்டு நிலமும் தந்திருந்தால் பாதிப் பேராவது நடந்து போயிருப்பார்கள் என்பது என் கட்சி. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்து 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோதும், மலை மாவட்டங்களில் மறுபடி வரிசையாகச் சரிவுகள். மறுபடி அதே கேள்வி.

கண்ணாடிக்கு வெளியே கை காட்டுகிறார்கள். சரி, கடலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1978 நவம்பர்ப் புயல் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டது. 2004 சுனாமியில் அந்தத் தீவில் மட்டும் 30,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அங்கே தென்மேற்குக் கடற்கரை ஊரான பெரலியவில் முதல் அலைக்குப் பயந்து, நின்றுகொண்டிருந்த ரயிலில் ஏறிக்கொண்டவர்களையும் அடுத்த அலை ரயிலோடு சேர்த்து அடித்துக்கொண்டு போனது. ஒரு அலையோடு முடிவதில்லை என்பதை உவரி, மணப்பாட்டு நேயர்கள் நினைவில் வையுங்கள். வறட்சியைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதி வந்தேன், அது பையிலேயே இருக்கிறது. நிலையத்தார் இன்னொரு நாள் கூப்பிட்டால் வாசிக்கிறேன். வணக்கம்.