பிக் பிட்: உழைத்தவர்களே சுற்றிக்காட்டும் சுரங்கம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழைய சுரங்கங்களை அருங்காட்சியகமாக மாற்றிய ஊர்கள் உலகில் பல உண்டு. போலந்தில் வியலிச்கா என்ற உப்புச் சுரங்கத்துக்குள் உப்புப் பாறையைக் குடைந்தே ஒரு தேவாலயம் எழுப்பியிருக்கிறார்கள். அழகுக்கு அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் இன்று பேசவிருப்பது வேல்ஸ் நாட்டில் பிளைனாவன் என்ற சிற்றூரில் இருக்கும் பிக் பிட் நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றி. அங்கே கண்ணைப் பறிக்கும்படி எதுவும் இல்லை. இருந்தும் நான் பார்த்த அருங்காட்சியகங்களில் மனதை விட்டு அகலாதது அதுதான்.

ஒரு காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்த சுரங்கம் அது. கரி தீர்ந்துகொண்டே வந்து 1980-ல் மூடியபோது ஏறக்குறைய 250 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 1983-ல், அதை மக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். இந்த மூன்று ஆண்டு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்புகள் நின்று தண்ணீர் ஏறிவிடவில்லை. அங்கே வேலை செய்தவர்கள் வேறு ஊர்களுக்குச் சிதறிவிடவும் இல்லை. அதனால் கரி வெட்டியவர்களே வழிகாட்டிகளாக வந்து சேர முடிந்தது. இன்றுவரை அந்த வழக்கம் தொடர்கிறது.

கீழே போவதற்கு முன் நம் பைகளை எல்லாம் காலி செய்யச் சொல்வார்கள். செல்போன், கைக்கடிகாரம், லைட்டர், கார் சாவியில் இருக்கும் ரிமோட் என்று பேட்டரி உள்ளது, தீப்பொறி வரக்கூடியது எதுவும் உள்ளே போகக் கூடாது. இது வேடிக்கைக்காக வைத்த சடங்கு இல்லை. சட்டத்தின் கண்ணில் பிக் பிட் இன்றும் ஒரு சுரங்கம்தான். நிலக்கரி இருக்கும் இடத்தில் மீத்தேன் வாயுவும் இருக்கும். அது காற்றோடு கலந்து நிற்கும்போது ஒரு பொறி பட்டால் போதும். வேல்ஸிலேயே செங்ஹெனித் என்ற ஊரில் 1913 அக்டோபரில் நடந்த வெடிவிபத்தில் 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். பிரிட்டனின் சுரங்க வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து கிடையாது.

தலையில் ஹெல்மெட், அதில் விளக்கு. இடுப்புப் பட்டையில் விளக்குக்கான பேட்டரி, கூடவே கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு பரவினால் மூச்சுவிடுவதற்கான ஒரு சிறு டப்பா. எல்லாம் சேர்ந்து ஐந்து கிலோ வரும். லிஃப்ட் போன்ற கூண்டுக்குள் நெருக்கியடித்து நின்றால் 300 அடி, அதாவது சுமார் 90 மீட்டர், இறக்கிவிடுகிறார்கள். கீழே குனிந்து குனிந்து நடக்க வேண்டும். உயரமானவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

ஓர் இடத்தில் மரக்கதவு ஒன்று குறுக்கே நிற்கிறது. சுரங்கத்துக்குள் காற்று தானாக எல்லாப் பக்கமும் போய்விடாது. ஒரு வழியாக நுழைந்து, கரி வெட்டும் முனை வரைக்கும் சுற்றி, வேறு வழியாக வெளியேற வேண்டும். கதவு திறந்தே கிடந்தால் காற்று குறுக்கு வழியில் ஓடிவிடும், மற்ற இடங்களில் வாயு தங்கிவிடும். ஆகவே வண்டி வரும்போது திறக்கவும் போனதும் மூடவும் ஓர் ஆள் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வேலைக்குச் சின்னக் குழந்தைகளை வைத்தார்கள். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் நாளெல்லாம் அந்தக் கதவருகே உட்கார்ந்திருந்தார்கள். கையில் இருக்கும் மெழுகுவத்தி தீர்ந்துபோனால் மிச்ச நேரம் முழுக்க இருட்டில்தான்.

இதைச் சொல்லிவிட்டு எங்கள் வழிகாட்டி எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொன்னார். முகத்துக்கு முன்னால் கையை அசைத்துப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. கண் பழகிவிடும் என்று காத்திருந்தாலும் பழகாது, ஏனென்றால் பழகுவதற்கு அங்கே துளி வெளிச்சமும் கிடையாது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, பக்கத்தில் நின்ற பையன் அப்பாவைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டான். அவனுக்கும் ஆறு, ஏழு வயதுதான் இருக்கும்.

1838-ல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஒரு சுரங்கத்துக்குள் மழைவெள்ளம் புகுந்து 26 பிள்ளைகள் மூழ்கி இறந்தார்கள். அதன் பிறகுதான் விசாரணைக் குழு அமைந்தது. 1842-ல் பெண்களும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களும் சுரங்கத்தின் அடியில் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் வந்தது. பத்து வயதாகிவிட்டால் போகலாம் என்பதுதான் அதன் பொருள்.

கரி வண்டி இழுத்த குதிரைகளுக்கான நிலத்தடி லாயமும் பிக் பிட்டில் இருக்கிறது. ஒவ்வொரு தடுப்புக்கும் மேலே அங்கே நின்ற குதிரையின் பெயர் எழுதியிருக்கிறது. ஆண்டுக்கொரு முறை கோடை விடுமுறையில்தான் அவை வெளிச்சத்தைப் பார்த்தன.

மேலே வந்ததும் பலர் நேராகக் கேன்டீனுக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், குளியல் கூடத்தைப் பாருங்கள். 1939-ல் கட்டியது. சுத்த உடைக்கு ஒரு லாக்கர் வரிசை, கரி படிந்த உடைக்கு இன்னொன்று, நடுவில் வெந்நீர்க் குழாய்கள். லாக்கருக்குள் சூடான காற்று வந்து ஈர உடையை மறுநாளைக்குள் காயவைத்துவிடும். இப்படிப்பட்ட நலத்திட்டங்களுக்காகவே 1920 முதல், வெட்டியெடுத்த ஒவ்வொரு டன் கரிக்கும் ஒரு பென்னி வீதம் நிதி திரட்டினார்கள். அதற்கு முன் தொழிலாளி கரி முகத்தோடு வீட்டுக்கு வருவார். அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, அண்டா அண்டாவாகத் தகரத் தொட்டியில் ஊற்றுவது மனைவியின் வேலை. கணவன், இரண்டு பிள்ளைகள் என மூவரும் வெவ்வேறு ஷிப்டில் போனால் அந்த வேலையும் மூன்று முறை. சுரங்கத்தின் அடியிலேயே கால் வைக்காத அந்தப் பெண்களின் முதுகு எப்படி ஒடிந்திருக்கும் என்பதை அந்தக் குழாய்கள்தான் எனக்குப் புரியவைத்தன.

இதையெல்லாம் பார்க்கும்போது கோலார் தங்கவயல் நினைவுக்கு வராமல் இருக்குமா? வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கம் அது. ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல். 2001-ல் மூடினார்கள். கீழே தண்ணீர் ஏறிவிட்டது, இனி பிக் பிட் போல இறங்கிப் பார்க்க வழியில்லை. ஆனால் வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். மூடும்போது முப்பது வயதில் இருந்தவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார், மூத்தவர்களுக்கு எண்பது தொண்ணூறு ஆகிறது.

இந்த உரையைக் கேட்பவர்களில் யாருடைய வீட்டிலாவது அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஷாஃப்ட், அதாவது எந்தச் செங்குத்துக் குழி வழியாக இறங்கினார், என்ன வேலை, கூண்டில் எத்தனை பேர், பாறை வெடிப்பதற்கு முன்னால் ஏதாவது தெரியுமா, அவ்வளவு சூட்டில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள், ஷிப்டு முடிந்து வந்தால் வீட்டில் யார் காத்திருந்தார்கள். அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். பெயரையும் தேதியையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.