கொழும்பு 13

வணக்கம் நேயர்களே.

வன்னியில் யாரையாவது நிறுத்தி, கொழும்புக்கு எதற்காகப் போனீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கடவுச்சீட்டு என்பார்கள், தூதரகம் என்பார்கள், மகரகம வைத்தியசாலை என்பார்கள், மகனைக் கட்டுநாயக்காவில் வழியனுப்ப என்பார்கள். இரவு பஸ் ஏறி, விடியற்காலை புறக்கோட்டையில் இறங்கி, அலுவல் முடிந்த கையோடு அன்றிரவே திரும்பிவிடுகிறவர்கள்தாம் எங்களில் அதிகம். அப்படிப் போய்வருகிறவர் கண்ணில் படுவது வரிசைகள் மட்டும். அந்த நகரத்துக்குள் ஊர்கள் இருக்கின்றன என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. நான் கிளிநொச்சியில் பிறந்து, கொட்டாஞ்சேனையில் தபாற்காரனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகையால் சந்துகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தாமரைக் கோபுரத்தைப் பற்றிப் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

மாநகர எல்லைக்குள் அடங்கும் கொழும்பு ஏறக்குறைய 37 சதுர கிலோமீற்றர்தான். முல்லைத்தீவு மாவட்டமோ 2,617. அந்த நகரத்தை எழுபது தடவை எடுத்து இங்கே வைக்கலாம். அவ்வளவு சிறிய நிலத்தைத் தபாலுக்காக 15 வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வெள்ளவத்தை 6, கறுவாத்தோட்டம் 7, கொட்டாஞ்சேனை 13, முகத்துவாரம் 15. இலக்கத்தைக் கேட்டே ஆளை எடைபோட்டு, கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்கிறவர்களும் அங்கே உண்டு.

13இல் தோட்டங்கள் நிறைய இருக்கின்றன. மிளகாயும் வாழையும் நிற்கிற தோட்டம் அல்ல. பெருந்தெருவிலிருந்து ஓர் ஆள் நுழையும் அகலத்தில் ஒரு சந்து உள்ளே போகும். இரு பக்கமும் சுவரோடு சுவராக ஓரறை வீடுகள். 1875இல் துறைமுகத்து அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தார்கள். அது முடிந்த பிறகு காலிக்குப் போன கப்பல்களும் கொழும்புக்கு வந்தன. மூட்டை தூக்கவும் தேயிலைக் களஞ்சியங்களில் வேலை செய்யவும் தமிழ்நாட்டிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் தென்னிலங்கைக் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். காணிக்காரர்கள் வரிசையாக அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். அவற்றில் பல இன்றும் நிற்கின்றன.

அங்கே விலாசம் என்பது ஒரு தனி வித்தை. 140/37 என்று கடிதத்தில் இருக்கும். 37ஐக் கண்டுபிடித்துவிட்டால் 38 அதற்குப் பக்கத்தில் என்று நினைக்கக் கூடாது. பக்கத்தில் 52 இருக்கும். 38 சந்தின் மறுகோடியில், பொதுக் கழிவறைக்குப் பின்னால் இருக்கும். அறைகள் பிரிபடப் பிரிபட இலக்கங்கள் வந்த வரிசையில் ஒட்டிக்கொண்டவை அவை. புதிதாக வருகிற தபாற்காரனுக்குச் சந்து வாசலில் பெட்டிக்கடை வைத்திருக்கும் அக்காதான் துணை. நான் அறிந்த ஓர் அக்கா, வங்கிக் கடிதத்தையும் நீதிமன்றக் கடிதத்தையும் உறையைப் பார்த்தே சொல்லிவிடுவார். "தம்பி, இதை அந்த வீட்டு அம்மாவின் கையில் கொடுக்க வேண்டாம், அவருக்கு நெஞ்சுவருத்தம். மகன் ஐந்து மணிக்கு வருவான், நான் கொடுக்கிறேன்" என்பார். சட்டப்படி அது சரியில்லை. நான் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதே சந்தில் தண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தது. விடிய முன்னரே வாளிகள் வரிசையில் வைக்கப்பட்டிருக்கும். ஆட்கள் பிறகுதான் வருவார்கள். 2009இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் வாளி வைத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த வரிசையில் சிங்களத்தில் தொடங்கிய பேச்சு தமிழில் முடியும். கொழும்பு மாநகருக்குள் எந்த இனமும் பாதியைத் தாண்டவில்லை என்பதைக் குடிசன மதிப்பீடு கணக்காகச் சொல்கிறது. அந்தக் குழாயடி அதைச் சத்தமாகவே சொன்னது.

எங்கள் ஆட்களுக்குக் கொழும்பில் இருந்த ஊர் வேறு. அது லொட்ஜ் என்கிற வாடகை விடுதி. கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் விசாவுக்கும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய ஒரு கடிதத்துக்கும் காத்து மாதக்கணக்கில் கிடந்தார்கள். அங்கே தங்கியிருப்பதற்கான பொலிஸ் பதிவுத் துண்டு சட்டைப் பையில் இருக்கும். நான் கொண்டுபோகும் கடிதங்களை முகாமையாளர் மேசை லாச்சியில் போட்டு வைப்பார். ஆள் போய்விட்டார் என்று திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வராது. லாச்சி பூட்ட முடியாதபடி நிறைந்திருக்கும். 2007 ஜூன் 7 அதிகாலையில் லொட்ஜ்களில் இருந்த தமிழர் 300க்கும் மேற்பட்டோரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றினார்கள். பெரும்பாலோரைக் கொண்டுவந்து விட்டது வவுனியாவில். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கொழும்பின் சரித்திரம் எழுதுகிறவர்கள் ஆளுநர்களுக்கும் கோட்டைகளுக்கும் ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றையாவது அந்த லொட்ஜ்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

தோட்டங்கள் இப்போது குறைந்து வருகின்றன. 2010க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபை பல தோட்டங்களை எடுத்து, மக்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றியது. வீட்டுக்குள் குழாயும் கழிவறையும் கிடைத்தன. அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை, வாளி தூக்கியவர் பேசட்டும். ஆனால் பன்னிரண்டாம் மாடியில் பெட்டிக்கடை வைத்தால் யார் வருவார்கள்? இடியப்பம் அவித்து வாசலில் விற்றவர்களின் பிழைப்பு என்ன ஆயிற்று? வீட்டுத் திட்டம் என்ற சொல்லோடு பழகிய எங்களுக்கு இந்தக் கேள்விகள் புதியவை அல்ல.

அடுத்த தடவை போனால் அரைநாள் ஒதுக்குங்கள். பஸ் நிலையத்திலிருந்து எல்லாம் நடை தூரம்தான். சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும். செட்டியார் தெருவில் நகைக்கடைகளுக்கு நடுவே கதிரேசன் கோயில்கள். ஆடிவேல் தேர் பம்பலப்பிட்டிக்குப் புறப்படுவது அங்கிருந்துதான். அப்பால் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயில், 2019இல் குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், மேட்டில் 1757இல் திறக்கப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம். செவ்வாய்க்கிழமை வேண்டாம், அன்று அந்தோனியாரிடம் எல்லா மதத்தவரும் வருவார்கள், கால் வைக்க இடம் இராது.

உங்கள் பிள்ளை அங்கே கடையில் வேலை செய்து அறையெடுத்துத் தங்கியிருந்தால், அந்தச் சந்து வரைக்கும் ஒருமுறை போய் வாருங்கள். வாசல் கடைக்காரரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வையுங்கள். பிள்ளை எடுக்காத நேரத்தில் அவர் எடுப்பார். போகும்போது வெறுங்கையோடு போகாமல் முல்லைத்தீவுக் கருவாடு கொஞ்சம் கட்டிக்கொண்டு போங்கள். வெள்ளவத்தையில் அதற்குச் சொல்லும் விலை உங்களுக்குத் தெரியாது.