ஓரத்தைப் பாருங்கள்

ஓவியம் பயிலும் நண்பர்களுக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். கடகடவென்று உருள்கிறதே, அது டப்பாவுக்குள் கிடக்கும் சிறு குண்டு. அடியில் தங்கிய நிறத்தைக் கலக்கிவிடுவது அதன் வேலை. இந்த ஸ்பிரே டப்பாவை யாரும் ஓவியருக்காகச் செய்யவில்லை. 1949இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எட்வர்ட் சீமோர் என்பவர், தாம் விற்ற அலுமினிய பெயின்டை வாடிக்கையாளருக்கு அடித்துக் காட்ட எளிய வழி தேடினார். டப்பாவில் அடைத்துப் பீய்ச்சலாமே என்று யோசனை சொன்னவர் அவருடைய மனைவி போனி. அந்த அம்மையாரின் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

தெருவில் வரைகிறவருக்குச் சுவரும் சொந்தமில்லை, நேரமும் சொந்தமில்லை. அனுமதி கேட்காமல், யாராவது வந்துவிடுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு வரைந்தவர்களின் கைகளில்தான் இந்த உத்திகள் வளர்ந்தன. அதனால் ஒரு சுவரோவியத்தின் முன் நின்றால் நான் முதலில் அதன் ஓரத்தைப் பார்ப்பேன். வரைந்தவருக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதை ஓரம் சொல்லிவிடும்.

டப்பாவின் மூக்கைச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடித்தால் கோடு கறாராக விழும். ஒரு முழம் தள்ளினால் பஞ்சுபோலப் பரவும். கை ஓரிடத்தில் ஒரு நொடி தயங்கினாலும் பெயின்ட் வழிந்துவிடும். கையை ஓட்டியபடியே அழுத்த வேண்டும், ஓட்டியபடியே விரலை எடுக்க வேண்டும். இது பழக மாதக்கணக்காகும்.

அவ்வளவு நேரம் சுவரருகே நிற்க முடியாதவர் என்ன செய்வார்? வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வருவார். அட்டையில் உருவத்தை வெட்டி எடுத்துவந்து, சுவரில் வைத்து அடித்துவிட்டுப் போய்விடுவார். ஸ்டென்சில் என்பது அதுதான். பாரிஸில் பிளெக் லெ ரா என்ற தெரு ஓவியர் 1981இல் தொடங்கி எலிகளை இப்படித்தான் ஊரெங்கும் ஓடவிட்டார். பிறகு இங்கிலாந்தின் பிரிஸ்டலிலிருந்து வந்த பேங்க்ஸி அதே வழியில் உலகப்புகழ் பெற்றார்.

இதோ, என் கையில் இருக்கும் அட்டையைப் பாருங்கள். 'பட்டம்' என்று வெட்ட நினைத்தேன். ப, ட இரண்டும் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. 'ம' வெட்டிப் பாருங்கள், சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று கையோடு வந்துவிடும். அடித்தால் சுழி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் திட்டுதான் விழும். அதனால் நடுத் துண்டைப் பிடித்துக்கொள்ள மெல்லிய பாலம் ஒன்றை வெட்டாமல் விடவேண்டும். அந்தப் பாலம் அசிங்கமாகத் தெரியாமல், எழுத்தின் பகுதியாகவே தோன்றும்படி செய்வதில்தான் ஸ்டென்சில்காரரின் திறமை இருக்கிறது. தமிழ் எழுத்தில் இதைச் செய்து பார்க்க நம் பிள்ளைகள் முன்வரவேண்டும் என்பது என் ஆசை.

அடுத்தது பசை. மைதாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிண்டினால் கண்ணாடிபோலத் தெளியும். நம் ஊரில் போஸ்டர் ஒட்டுகிறவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தாளுக்கு அடியிலும் தடவி, மேலேயும் ஒரு பூச்சு பூசினால் தாள் சுவரோடு சுவராகிவிடும்.

ஜேஆர் என்ற பிரெஞ்சுக் கலைஞர் புகைப்படங்களைப் பெரிதாக்கி இப்படி ஒட்டுகிறவர். நம் நாட்டுக்கு வந்தபோது, படம் ஒட்டினால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அதனால் வெறும் வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டுப் போனார். உருவம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் பிசுபிசுப்பு. தெருப்புழுதி அதில் ஒட்ட ஒட்ட, படம் தானாக எழுந்து வந்தது. புழுதியையே மையாக்கிய அந்த யோசனையை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது. நைரோபியின் கிபெரா குடிசைப் பகுதியில் 2009இல் அவர் தாளை விட்டுவிட்டார். பெண்களின் கண்களையும் முகங்களையும் தண்ணீர் புகாத விரிப்பில் அச்சிட்டுக் கூரைகள்மேல் போர்த்தினார், 2,000 சதுர மீட்டர் அளவுக்கு. மழைக்காலத்தில் அந்தப் படங்களே வீடு ஒழுகாமல் காத்தன.

சுவரில் எதையும் பூசாமலும் வரையலாம். போர்ச்சுகலின் லிஸ்பன் அருகே வளர்ந்த வில்ஸ் என்ற கலைஞர், உளியாலும் துளைக்கும் இயந்திரத்தாலும் காரையைக் கொத்திக் கொத்தி முகங்களை வெளிக்கொண்டு வருகிறார். பிரேசிலின் சாவ் பாலோ நகரில் அலெக்ஸாந்த்ரே ஓரியோன் 2006இல் ஒரு சுரங்கப் பாதைக்குள் இறங்கினார். வண்டிப் புகையால் சுவரில் கரி அப்பிக் கிடந்தது. ஈரத்துணியால் அந்தக் கரியைத் துடைத்தார். துடைத்த இடமெல்லாம் மண்டையோடு. இரவிரவாக வரிசை வரிசையாக மண்டையோடுகள். போலீசார் வந்து பார்த்தார்கள். சுவரைச் சுத்தம் செய்வதற்கு எந்தச் சட்டப்படி வழக்குப் போடுவது? கடைசியில் நகர நிர்வாகம் அந்தச் சுவரைக் கழுவியது. கழுவாவிட்டால் அவர் மறுபடியும் வருவார் என்று மற்றச் சுரங்கப் பாதைகளையும் கழுவியது.

ஓரியோன் அந்த அழுக்குத் துணிகளைத் தூக்கி எறியவில்லை. அலசிய நீரை வற்றவைத்து, அடியில் தங்கிய கரியை எடுத்துக்கொண்டார். தம் அடுத்த ஓவியங்களை அந்தக் கரியால் வரைந்தார்.