அறுந்த நூலும் தொங்கும் கயிறும்

(திரையில்: வரிசையாக நகரும் கார்கள், தலைக்கு மேலே நீளமாக ஓடும் ஒரு கயிறு)

ஜப்பான் கம்பெனிகள் எப்படி உலகத்தையே பிடித்தன என்று கேட்டால், "அவங்க உழைப்பாளிங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். உழைக்காத ஊர் எங்கே இருக்கிறது? எனக்கு அந்தப் பதில் போதவில்லை. டொயோட்டாவை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதிலும் இந்தக் கயிற்றை மட்டும்.

ஒரு போல்ட் சரியாக இறங்கவில்லை. தொழிலாளி கயிற்றை இழுக்கிறார். மெல்லிசாக ஒரு இசை கேட்கிறது, மேலே பலகையில் அவர் நிற்கும் இடத்துக்கான விளக்கு எரிகிறது. குழுத் தலைவர் ஓடி வருகிறார். கார் குறிப்பிட்ட கோட்டைத் தாண்டுவதற்குள் சரிசெய்துவிட்டால் வேலை தொடரும். முடியவில்லையா, கார்கள் நகரும் லைனே நின்றுவிடும். மானேஜரிடம் அனுமதி கேட்க வேண்டியதே இல்லை. இந்த ஏற்பாட்டுக்கு 'ஆண்டோன்' என்று பேர். பழைய ஜப்பானில் காகித விளக்கை அப்படித்தான் சொல்வார்கள்.

(திரையில்: பழைய தறி)

யோசனை பிறந்தது தறியில். ஒரு நூல் அறுந்ததுகூடத் தெரியாமல் தறி ஓடினால் துணி பாழ். அதற்காகவே ஒரு ஆள் காவல் நிற்க வேண்டும். தச்சரின் மகனான சாகிச்சி டொயோடா 1924-இல் முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்த உடனே தானாக நின்றது. ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1929-இல் துணி மில்லுக்கே பேர்போன இங்கிலாந்திலிருந்து பிளாட் பிரதர்ஸ் கம்பெனி இதன் காப்புரிமைக்கு 1,00,000 பவுண்டு தர ஒப்புக்கொண்டது. சாகிச்சியின் மகன் கீச்சிரோ கார் பக்கம் போனார். 1937-இல் டொயோட்டா மோட்டார் பிறந்தது.

அப்புறம் எல்லாம் ஏறுமுகம்தான் என்று நினைக்காதீர்கள். 1950-இல் கம்பெனி மூழ்கும் நிலை. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம். கீச்சிரோ பதவி விலகினார். கொரியப் போருக்காக அமெரிக்க ராணுவம் கொடுத்த லாரி ஆர்டர்கள்தான் கைகொடுத்தன. வெற்றிக் கதை சொல்கிறவர்கள் இந்த அதிர்ஷ்டத்தைச் சௌகரியமாக மறந்துவிடுவார்கள்.

டொயோடா குடும்பத்தின் நூற்பு-நெசவுக் கம்பெனியிலிருந்து கார் ஆலைக்கு வந்த தாய்இச்சி ஓனோ, எதையும் ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்கச் சொன்னார். மெஷின் ஏன் நின்றது? ஃபியூஸ் போயிற்று. அது ஏன்? பேரிங்கில் எண்ணெய் போதாமல் லோடு கூடிவிட்டது. எண்ணெய் ஏன் போதவில்லை? பம்ப் சரியாக இழுக்கவில்லை. அது ஏன்? தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் உலோகத் தூள் உள்ளே போயிற்று. முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் ஃபியூஸை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். அதுவும் மறுபடி போயிருக்கும்.

1957-இல் அமெரிக்காவுக்குப் போன டொயோட்டாவின் கிரவுன் கார், அங்கத்து நெடுஞ்சாலை வேகத்தில் திணறியது. 1960-இல் ஏற்றுமதியை நிறுத்தினார்கள். சில வருடம் கழித்து கொரோனா என்ற காரோடு திரும்பிப் போனார்கள். அதுவும் ஒரு வகையில் கயிறு இழுத்ததுதான்.

(திரையில்: கலிஃபோர்னியா, ஃப்ரீமான்ட் ஆலை)

சரி, இது ஜப்பானியர்களுக்கு மட்டுமே வருமா? ஃப்ரீமான்ட்டில் அமெரிக்கக் கார் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் ஒரு ஆலையை மூடியது. என்ன ஆனாலும் லைன் நிற்கக் கூடாது, பழுதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அங்கே எழுதாத சட்டம். 1984-இல் டொயோட்டா ஜெனரல் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து ஆலையைத் திறந்தது. பெரும்பாலும் அதே தொழிலாளர்கள், அதே சங்கம். கயிறு மட்டும் புதுசு. சீக்கிரமே அங்கிருந்து வந்த கார்கள் தரத்தில் ஜப்பான் கார்களோடு போட்டி போட்டன.

ஜெனரல் மோட்டார்ஸ் வேறு ஆலைகளிலும் கயிறு கட்டிப் பார்த்தது. இழுத்தவருக்கு அங்கே திட்டு விழுந்தது. கயிறு சும்மா தொங்கியது.