எட்டாம் வகுப்பில் எழுதும் ஒரு தேர்வு

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஆண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை விட்டாச்சு. முக்கூடல் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. எங்கள் மாணவர்கள் இந்த ஆண்டு என்னென்ன சாதித்தார்கள் என்று சொல்ல என்னை அழைத்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் மே மாதம் வரும். அதைப் பற்றிப் பேச அப்போது நிறையப் பேர் இருப்பார்கள்.

குறுவட்டப் போட்டியில் எங்கள் கோ-கோ அணி கோப்பை வாங்கியது. ஆண்டு விழாவில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் வில்லுப்பாட்டு நடத்தினார்கள். ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குடம் அடிக்கிற பெரியவர் ஒருவர், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து, காசு ஒன்றும் வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். வீசுகோல் நாணில் விழுந்ததும் வில்லில் கட்டியிருந்த மணியெல்லாம் சேர்ந்து குலுங்க, தாய்மார்கள் நாற்காலியை விட்டு எழுந்து மேடைப் பக்கம் வந்துவிட்டார்கள்.

இதெல்லாம் ஊருக்கே தெரிந்த சந்தோஷம். வெளியே அவ்வளவாகத் தெரியாத ஒரு வெற்றியும் உண்டு. எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறியிருக்கிறார்கள். தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு என்பது அதன் முழுப்பெயர். இதில் தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய் கணக்கில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வங்கிக் கணக்கிலேயே வந்து விழும். நான்கு ஆண்டுக்கு 48,000. தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 6,695 இடங்கள்.

எங்கள் பக்கத்தில் அந்தப் பணத்துக்கு என்ன அர்த்தம் என்று சொல்கிறேன். வீட்டுக்கு வீடு மடியில் சொளவை, அதாவது முறத்தை, வைத்துப் பீடி சுற்றுகிற ஊர். பெண் பிள்ளை எட்டாவது முடித்ததும் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு சொளவு வந்துவிடும். "இவளும் உக்காந்தா கூட நாலு கட்டு சேரும்லா, டீச்சர்" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, அந்த வீட்டுக் கணக்கு அப்படி. அவருடைய மகள் இப்போது தேறியிருக்கிறாள். போன வாரம் அந்தத் தாயே பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து, "பன்னெண்டாவது வரைக்கும் நிப்பாட்ட மாட்டேன்" என்றார். என்னைப் பொறுத்தவரை இந்த ஆண்டின் பெரிய செய்தி இதுதான்.

தேர்வில் இரண்டு தாள். மனத்திறனில் 90 கேள்வி, படிப்புத் திறனில் 90 கேள்வி. படிப்புத் திறன் ஏழாவது, எட்டாவது பாடத்திலிருந்தே வரும், அதில் பயமில்லை. எண் தொடர், கண்ணாடி பிம்பம், மறைந்திருக்கும் உருவம் என்று வரும் மனத்திறன்தான் புதிதாக இருக்கும். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை மேஜையில் நிறுத்தி, கடிகாரத்தையும் எழுத்துகளையும் அதில் காட்டிக் காட்டித்தான் பழக்கினோம். விடையைக் குறிக்கும் ஓ.எம்.ஆர். தாளை நகல் எடுத்து, வட்டத்தைக் கறுப்புப் பேனாவால் நிரப்பவும் பழக்கினோம். விடை தெரிந்தும் வட்டம் மாறிப் போனால் அந்தப் பிள்ளையின் உழைப்பெல்லாம் வீண்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. பிள்ளை அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ படிக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும், பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50 போதும். ஆகவே ஆறாவது, ஏழாவது படிக்கும்போதே இதை மனசில் வையுங்கள்.

தேறிய பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். உதவித்தொகையை ஆண்டுதோறும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் பிளஸ் ஒன்னிலும் தொடரும், பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு இதிலும் ஐந்து சதவீதம் சலுகை உண்டு. பெயர் இன்னொரு தொல்லை. பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பாஸ்புக்கில் இனிஷியலே இருக்காது. மூன்றும் ஒத்துவராவிட்டால் பணம் வராமல் நிற்கும். இந்த விடுமுறையில் கொஞ்சம் நேரம் ஒதுக்கி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து ஒன்று மாறியிருந்தாலும் இப்போதே திருத்திவிடுங்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், எட்டாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையின் வகுப்பாசிரியரைப் போய்ப் பார்த்து, என்.எம்.எம்.எஸ். எழுத வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.