அப்பான்ர பழைய டிபெண்டரோ, அண்ணான்ர புது டிபெண்டரோ? துணுக்காய்த் தங்கச்சியின்ர கேள்வி

வணக்கம் உறவுகளே. போன கிழமை கிளச்சைப் பற்றிக் கதைச்ச வீடியோவுக்குக் கீழ கனபேர் கேள்வி போட்டிருந்தீங்கள். ஒவ்வொண்டா வருவன். ஆனா ஒரு கேள்வி மூண்டு நாளா என்னை விடேல்லை. கராஜில சாவி பிடிச்சு நிக்கேக்கயும் அதுதான் மண்டைக்குள்ள ஓடுது. துணுக்காய்ப் பக்கம் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. வாசிக்கிறன்.

"அண்ணை, அப்பாட்ட பழைய லாண்ட் ரோவர் டிபெண்டர் 110 ஜீப் ஒண்டு நிக்குது, 300 ரிடிஐ டீசல் எஞ்சின். வெளிநாட்டில இருக்கிற அண்ணா அதை வித்துப்போட்டுப் புது டிபெண்டர் எடுப்பம், மிச்சக் காசு தான் போடுறன் எண்டு நிக்கிறார். அப்பா சொல்லுறார், புதுசு பேரில மட்டுந்தான் டிபெண்டராம். இரண்டு பேரும் போனில சண்டை. ஆர் சொல்லுறது சரி?"

தங்கச்சி, இரண்டு பேரும் சரி. நழுவுறதுக்காகச் சொல்லேல்லை, எப்பிடியெண்டு காட்டுறன். வழமையாப் பார்க்கிற ஆக்களுக்கு நான் என்ன சொல்லப்போறன் எண்டு இப்பவே தெரியும். சாக்கை விரிச்சுப்போட்டு வாகனத்துக்குக் கீழ படுங்கோ. மேல நிண்டு பார்த்தா பெயின்ற் தெரியும், கீழ படுத்தாத்தான் வாகனம் தெரியும்.

அப்பான்ர வாகனத்துக்குக் கீழ படுத்தா என்ன தெரியும்? முன்னால இருந்து பின்னால மட்டும் ஓடுற இரண்டு இரும்புச் சட்டம். அதுதான் சேசிஸ். அதுக்குக் கீழ முன்னுக்கு ஒரு அக்சில், பின்னுக்கு ஒரு அக்சில். ஒவ்வொரு அக்சிலும் இந்தக் கரைச் சில்லில இருந்து அந்தக் கரைச் சில்லுக்கு முழுசா ஒரே தண்டு. காவுதடி மாதிரி எண்டு வையுங்கோ. ஒரு பக்கத்துச் சில்லு கல்லில ஏறினா மற்றப் பக்கத்துச் சில்லு கீழ அமத்தப்படும், நிலத்தை விடாது. அந்த அக்சிலில பானை மாதிரி உருண்டையா ஒண்டு தொங்கும், அதுதான் டிப், எஞ்சின்ர இழுவையை இரண்டு பக்கச் சில்லுக்கும் பிரிச்சுக் குடுக்கிற பல்சில்லுப் பெட்டி. கனபேர் அது நட்டநடுவில இருக்கெண்டு நினைக்கினம். இல்லை. லாண்ட் ரோவரில அது வலப்பக்கம் தள்ளித்தான் இருக்கு, முன்னுக்கும் அப்பிடி, பின்னுக்கும் அப்பிடி. உழவு மெசின் ஓடி ஓடிக் கிடங்காப்போன பாதையில நடுத்திட்டியில வாகனம் இருந்து போறது இந்தப் பானையாலதான். அது எந்தப் பக்கம் தொங்குது எண்டு தெரிஞ்ச டிரைவர் ஸ்டேரிங்கை ஒரு சாண் வெட்டித் தப்பி வருவார். தெரியாதவர் மண்வெட்டி தேடுவார்.

இப்ப அண்ணா சொல்லுற புதுசுக்குக் கீழ படுங்கோ. சேசிஸ் எண்டு தனியா ஒண்டும் இல்லை. உடம்பு முழுக்க அலுமினியத்தில ஒரே கூடு. கீழ மூடித் தகடு போட்டிருக்கும், தொங்குறதுக்குப் பானை இல்லை. நாலு சில்லும் நாலு தனித்தனிக் கையில நிக்குது. ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை போட்டது எண்டா, பட்டனை அமத்தினா வாகனம் எழும்பி நிக்கும், நிலத்துக்கும் உடம்புக்கும் இடையில 291 மில்லிமீற்றர். தண்ணிக்குள்ள பழசு போகலாம் எண்டு கொம்பனி சொன்னது 500 மில்லிமீற்றர், புதுசுக்கு 900. முழங்கால் தண்ணிக்கும் இடுப்புத் தண்ணிக்கும் இருக்கிற வித்தியாசம் அது. மாரியில பாலியாத்துப் பக்கம் போய்வந்த ஆக்களுக்கு அதின்ர அருமை தெரியும்.

அதால அண்ணா சொல்லுறது பிழையில்லை. சேத்துக்குள்ள, கல்லுக்க, தண்ணிக்க, எங்க எடுத்தாலும் புதுசுதான் கெட்டி. இன்னொண்டையும் மறைக்காமல் சொல்லவேணும். பழைய டிபெண்டரில கடைசி வரைக்கும், அடிபடேக்க முகத்துக்கு முன்னால ஊதுற எயார்பாக் வரவே இல்லை. புதுசு ஐரோப்பாவில இடிச்சுச் சோதிக்கிற சோதனையில 2020இல அஞ்சு நட்சத்திரம் எடுத்தது. ஏ9இல இரவில மாடு படுத்திருக்கிற றோட்டில அம்மாவைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போற பிள்ளை இதைக் கட்டாயம் யோசிக்கவேணும். நான் பழசுக்கு ஆசைப்பட்டவன் எண்டதுக்காக இதைச் சொல்லாமல் விடமாட்டன்.

அப்ப அப்பா ஏன் சரி?

1948இல அம்ஸ்ரடாமில நடந்த மோட்டார்க் கண்காட்சியிலதான் முதல் லாண்ட் ரோவரைக் காட்டினவை. இரண்டாம் உலக யுத்தம் முடிஞ்சு மூண்டே வருசம். இங்கிலாந்தில இரும்புத் தகட்டுக்குப் பங்கீடு. அதாலதான் உடம்பை அலுமினியத்தில அடிச்சவை. தட்டையான தகடு, ஊர்ப் பட்டறையிலயும் நிமித்தலாம். தட்டுப்பாட்டுக்குள்ள பிறந்த வாகனம் அது, கமக்காரனுக்கெண்டு செய்தது. டிபெண்டர் எண்ட பேர் 1990இலதான் வந்தது. 2016 தை மாதம் 29ஆம் திகதி கடைசிப் பழசு பக்டரியால வெளிய வந்தது. அந்த 68 வருசமும் உள்ளுக்க எஞ்சின் மாறிச்சு, இலைஸ்பிரிங் போய்ச் சுருள்ஸ்பிரிங் வந்தது, ஆனா அந்தக் குணம் மாறேல்லை.

தட்டுப்பாட்டுக்குள்ள பிறந்த வாகனம் எங்கட தட்டுப்பாட்டுக்குள்ளயும் ஓடிச்சு. நான் சின்னப் பெடியனா இருக்கேக்க, யுத்தநேரப் பொருளாதாரத் தடைக் காலம், நான் தொழில் பழகின அய்யாட்ட பழைய பெற்றோல் லாண்ட் ரோவர் ஒண்டு நிண்டது. பெற்றோல் எங்க இருக்கு? ஒரு சின்னப் போத்தலில கொஞ்சப் பெற்றோல், மருந்து மாதிரிப் பத்திரப்படுத்தி வச்சிருப்பார். அதில சொட்டுச் சொட்டா விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடு பிடிச்ச உடன மண்ணெண்ணெய்க்கு மாத்துவார். புகை கண்ணைக் கரிக்கும். அந்த எஞ்சினுக்கு அமுக்கம் குறைவு, அதால மண்ணெண்ணெயையும் சீரணிச்சுது. காயக்காரரை ஏத்திக்கொண்டு அது போனதை நான் கண்ணால கண்டிருக்கிறன்.

சரி, அப்பான்ர 300 ரிடிஐக்கு வாறன். இரண்டரை லீற்றர், 111 குதிரைவலு. டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். ஓடிக்கொண்டிருக்க அந்த எஞ்சினுக்குத் தேவையான கரண்ட் வயர் ஒண்டே ஒண்டுதான், டீசலைத் திறந்து விடுற சொலனொயிட்டுக்குப் போற வயர். ஒருக்கா ஒட்டுசுட்டான் தாண்டி நெடுங்கேணிப் பாதையில இரவு எனக்கு நிண்டுபோச்சு. ரோச் அடிச்சுப் பார்த்தா எலி வயரைக் கடிச்சிருக்கு. பற்றரியில இருந்து ஒரு துண்டு வயரை இழுத்து நேர சொலனொயிட்டில கட்டினன், ஓடிச்சு. வீட்டை வந்து நிப்பாட்ட வேணுமெண்டா திறப்பு வேலை செய்யாது, கியரில போட்டு பிறேக்கை மிதிச்சு அமத்தித்தான் நிப்பாட்டினது. அஞ்சு நிமிச வேலை.

புதுசுக்குள்ள சின்னனும் பெரிசுமா 80க்கு மேல கொம்பியூட்டர் பெட்டி இருக்கு. அதுகள் ஒண்டோட ஒண்டு கதைக்கேக்க அற்புதமா ஓடும். ஒண்டு கதைக்காமல் விட்டா, அந்த நெடுங்கேணிப் பாதையில எங்கட கையில இருக்கிற வயர்த்துண்டுக்கு வேலை இல்லை. அதுக்குரிய கொம்பியூட்டரைக் கொழுவிப் பார்க்கவேணும். அதுவரைக்கும் வாகனம் காட்டுக்க நிக்கும், யானை சுத்திப் பார்க்கும்.

இன்னொரு விசயம், இது கமம் செய்யிற வீட்டுக்குக் கட்டாயம் சொல்லவேணும். புது டீசல் டிபெண்டருக்கு, புகையைச் சுத்தமாக்கிறதுக்கு அட்புளூ எண்டு ஒரு தண்ணி தனித் தாங்கியில ஊத்தவேணும். அது முடிஞ்சா, நிப்பாட்டின எஞ்சின் திரும்ப ஸ்ராட் ஆகாது. அது என்ன தண்ணி? சுத்தமான தண்ணியில 32.5 வீதம் யூரியா. உடனே ஆரும் வயலுக்கு வச்சிருக்கிற யூரியாவைக் கரைச்சு ஊத்திப்போடாதேங்கோ! பசளை யூரியாவில வேற சாமான்கள் கலந்திருக்கும், உள்ளுக்க பூந்து அந்தச் சிஸ்ரத்தையே அடைச்சுப்போடும். அதைத் திருப்பிச் செய்யிற காசுக்கு ஒரு போகம் விதைக்கலாம்.

110 எண்ட பேரைப் பற்றியும் அப்பாக்குச் சொல்லுங்கோ, சந்தோசப்படுவார். பழசில முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில 110 அங்குலம், அதான் அந்தப் பேர். புதுசுக்கும் 110 எண்டுதான் பேர், ஆனா அளந்து பார்த்தா 3022 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட 119 அங்குலம். அகலமும் பழசு 1790, புதுசு கிட்டத்தட்ட 2000. ஒரு சாண் அளவு கூட. பாலைமரத்துக்கும் வீரைமரத்துக்கும் இடையால பழசு பூந்து வாற இடத்தில புதுசு கண்ணாடியைக் குடுத்திட்டுத்தான் வரும்.

ஆனா தங்கச்சி, எனக்கு உண்மையில பயம் வேற. நீங்கள் கேக்காத கேள்வி ஒண்டு இருக்கு. அந்தப் பழசு இப்ப எப்பிடி நிக்குது? வித்தாலும் சரி, வச்சிருந்தாலும் சரி, முதல் தெரியவேண்டியது அதுதான்.

2018 மார்கழியில இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்து ஊரெல்லாம் வெள்ளம் நிண்டது நினைவிருக்கும். அந்த நேரம் ஒருத்தர் பழைய டிபெண்டரில சனத்தை ஏத்தி இறக்கினவர், பெரிய உபகாரம். தண்ணி வத்தினாப் பிறகு கழுவித் துடைச்சு வடிவா நிப்பாட்டிட்டார். மூண்டு மாதத்தால பின் டிப் ஊளையிடத் துவங்கிச்சுது. என்னட்ட வந்தார். நான் சாக்கைப் போட்டுக் கீழ படுத்து, டிப்பின்ர ஒயில் நட்டைக் கழட்டினன். வந்தது ஒயில் இல்லை. பால்தேத்தண்ணி. அதே நிறம், அதே தடிப்பு. கடைசியில மினுங்கல் மினுங்கலா இரும்புத் தூள். ஓடிச் சூடான டிப் குளிர்தண்ணிக்க இறங்கினா உள்ளுக்க இருக்கிற காத்துச் சுருங்கும், சுருங்கேக்க வெளியில இருந்து இழுக்கும். காத்து எடுக்கிறதுக்கு மேல போற சின்னக் குழாய் அடைபட்டு இருந்தா சீலுக்குள்ளால தண்ணியைத்தான் இழுக்கும். அந்தக் குழாயை ஊதிப் பார்க்க ஒரு நிமிசம். அவருக்குப் பல்சில்லு முழுக்கப் போச்சு.

அதே மாதிரி கிளச் பெட்டிக்குக் கீழ ஒரு ஓட்டை இருக்கும், ரைமிங் பெல்ற் மூடிக்குக் கீழயும் ஒண்டு. தண்ணிக்க இறங்க முன்னம் அதுக்கு ஒரு திருகாணி பூட்டவேணும், ஏறின பிறகு கழட்டவேணும். பூட்டாட்டித் தண்ணி உள்ள போகும், கழட்டாட்டிக் கசியிற ஒயில் வெளிய வரமாட்டுது. அந்தத் திருகாணி இருக்கிற வாகனத்தை நான் இஞ்ச கண்டது குறைவு. அப்பாவைக் கேளுங்கோ.

டிப் லொக் கதை முந்தியும் சொன்னனான், திரும்பவும் சொல்லுறன். டிபெண்டர் எப்பவும் நாலு சில்லிலயும்தான் இழுக்குது. கியர்க்கம்பிக்குப் பக்கத்தில நிக்கிற சின்னக் கம்பி, போர்வீல் போடுற கம்பி இல்லை. அதை முன்னுக்குப் பின்னுக்கு அசைச்சா லோ (மெதுவா, கூடின இழுவையோட), ஹை (வழமையான ஓட்டம்). இடப்பக்கம் தள்ளினா, முன் அக்சிலுக்கும் பின் அக்சிலுக்கும் இழுவையைப் பிரிக்கிற நடு டிப் லொக் ஆகும், டாஷில லைற் எரியும். லொக் போடாமல் சேத்துக்க இறங்கினா ஒரு சில்லு சுத்த மற்ற மூண்டும் பார்த்துக்கொண்டு நிக்கும். கனபேர் வருசக்கணக்கில அதைத் தொடாமல் விட்டு, தேவைப்படுற அண்டைக்குத் தள்ளினா இறுகிப்போய் அசையாது. மாதத்தில ஒருக்கா மண்பாதையில போட்டு எடுங்கோ. தார்றோட்டில போட்டு ஓடாதேங்கோ, உள்ளுக்க முறுக்கிக்கொண்டு நிக்கும்.

கடைசியா சேசிஸ். உடம்பு அலுமினியம், அது கறள் பிடியாது எண்டு எல்லாரும் நிம்மதியா இருக்கினம். சேசிஸ் இரும்பு! கொக்கிளாய், நாயாறு எண்டு கடல்பக்கம் ஓடின வாகனம் எண்டா உப்புச் சேறு சட்டத்துக்குள்ள போய் இருந்துகொண்டு உள்ளுக்கயிருந்து தின்னும். வெளியில கறுப்புப் பெயின்ற் பளபளக்கும். அலுமினியமும் இரும்பும் முட்டுற இடத்தில திருநீறு மாதிரி வெள்ளைத்தூள் கொட்டினா அங்க அரிப்புத் துவங்கிட்டுது எண்டு அர்த்தம். ஆனா இதுக்கு எங்கட பட்டறையில வைத்தியம் இருக்கு. பழுதான துண்டை வெட்டி, புதுத்தகடு வச்சு வெல்ட் பண்ணலாம். புதுசின்ர கூடு ரிவிற் அடிச்சுப் பசை போட்டு ஒட்டினது, அடிபட்டா எங்கட வெல்டிங் கைக்கு அங்க அலுவல் இல்லை.

இதுதான் என்ர முடிவு: சேசிஸ் நல்லா இருந்தா வித்துப்போடாதேங்கோ. அண்ணா போடுறன் எண்ட காசு கோடிக்கணக்கு. அதில ஒரு சின்னத் துண்டு இந்த வாகனத்துக்குப் போட்டா அது அப்பா காலத்துக்கும் ஓடும், உங்கட பிள்ளையும் ஓடும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்கு எயார்பாக் உள்ள சின்னக் கார் ஒண்டு அண்ணாவை எடுத்துத் தரச் சொல்லுங்கோ. சேசிஸ் போயிருந்தா, அப்ப அண்ணாவோட இருந்து கதைப்பம்.

அதுக்கு ஒரு வேலை செய்யுங்கோ தங்கச்சி. நாளைக்குக் காலமை, அப்பாவைச் சாக்கை விரிச்சுப் பின்சில்லுக்குப் பின்னால படுக்கச் சொல்லுங்கோ. ஏலாட்டி நீங்களே படுங்கோ. பின்னுக்குக் குறுக்கால போற சட்டம் தெரியும். சின்னச் சுத்தியலால அதை ஒரு கரையில இருந்து மற்றக் கரை மட்டும் தட்டிக்கொண்டு போங்கோ, போனில ஒலிப்பதிவையும் போட்டுக்கொண்டு. 'ணங்' எண்டு கேட்டா நல்லது. 'தொப்' எண்டு கேக்கிற இடத்தில சோக்கட்டியால ஒரு வட்டம் போடுங்கோ. அந்தச் சத்தத்தை எனக்கு அனுப்பிவிடுங்கோ.