ஒரே மூளை, இரண்டு விலை: பிரீமியம் மாடலிங் கிட்டாருக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

(திரை இருட்டு. ஒரு கிட்டார் பத்து நொடி ஒலிக்கிறது. சின்ன இடைவெளி. அதே வாசிப்பு இன்னொரு கிட்டாரில்.)

இப்போது நீங்கள் கேட்டது இரண்டு கிட்டார். ஒன்று இன்னொன்றைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் விலை. எது எது? முதலில் மனதில் பட்டதை இப்போதே கமெண்டில் போட்டுவிடுங்கள். பின்னால் வந்து திருத்தக் கூடாது.

(விளக்கு எரிகிறது.)

வணக்கம் மக்களே, குன்னூரிலிருந்து பேசுகிறேன். மேகம் ஜன்னல் வரைக்கும் வந்து நிற்கிறது. படம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் அதுதான் காரணம்.

கோத்தகிரியில் சர்ச் பாடகர் குழுவுக்கு வாசிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, ரெண்டு வருஷமா காசு சேர்த்து வச்சிருக்கேன். மாடலிங் கிட்டார் வாங்கப் போறேன். சாதா வெர்ஷன் போதுமா, பிரீமியமே எடுத்துடலாமா?" இரண்டு வருடச் சேமிப்புக்கு அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்த வீடியோ.

வரலாறு சுருக்கமாக. ஒரே கிட்டாரிலிருந்து பல கிட்டார்களின் ஒலியைக் கொண்டுவருவதுதான் மாடலிங். 1995-ல் அந்த வேலையைச் செய்யும் ரோலண்ட் விஜி-8 என்ற பெட்டி வந்தது. 2002-ல் லைன் 6 நிறுவனம் அந்த வேலையைக் கிட்டாருக்குள்ளேயே அடக்கி வேரியாக்ஸ் என்று அறிமுகப்படுத்தியது. ஒரு குமிழைத் திருப்பினால் ஸ்டிராட், இன்னொரு திருப்பில் லெஸ் பால் (இரண்டும் பேர்போன எலக்ட்ரிக் கிட்டார்கள்), அப்புறம் அக்கூஸ்டிக். வரலாறு இவ்வளவு போதும்.

இதற்குள் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரில் தந்திக்குக் கீழே, அதன் ஆட்டத்தை மின்சிக்னலாக மாற்றும் காந்த பிக்கப் இருக்கும். மாடலிங் கிட்டாரில் ஒவ்வொரு தந்தியும் உட்காரும் சாடிலுக்குள் ஒரு பியெசோ இருக்கிறது. அழுத்தம் மாறினால் மின்சாரம் கொடுக்கும் பொருள் அது. ஆறு தந்திக்கு ஆறு தனித்தனிச் சிக்னல். அவை ஒரு சில்லுக்குள் போகின்றன. இது ஸ்டிராட் என்று அந்தச் சில்லு நம் காதை நம்பவைப்பது எப்படி?

(கிட்டாரை மடியில் சாய்த்து, தந்தியைக் காட்டியபடி.)

இங்கே பாருங்கள். இந்தத் தந்தியை மீட்டினால் ஒரே ஒரு சுரம் மட்டும் வருவதில்லை. முழு நீளமாக ஆடுகிறது, கூடவே இரண்டு பாதியாக, மூன்று பங்காக, நான்கு பங்காகவும் ஆடுகிறது. நான்கு பங்காக ஆடும்போது பிரிட்ஜிலிருந்து, அதாவது தந்தி உடலில் வந்து உட்காரும் முனையிலிருந்து, கால் நீளத்தில் ஒரு புள்ளி அசையாமல் நிற்கும். ஸ்டிராட்டின் நெக் பிக்கப் (விரல் வைக்கும் கழுத்துப் பக்கம் இருப்பது) கிட்டத்தட்ட அந்தப் புள்ளிக்கு அடியில்தான் இருக்கிறது. அசையாத இடத்தில் பிக்கப்புக்கு என்ன கேட்கும்? ஒன்றும் கேட்காது. அதனால் திறந்த தந்தியை மீட்டினால், இரண்டு ஸ்தாயி மேலே உள்ள அந்த நான்காவது ஒலிக்கூறு அந்த பிக்கப்பில் பெரும்பாலும் காணாமல் போகும். நாம் "ஸ்டிராட் டோன்" என்று கொண்டாடுவதில் ஒரு பங்கு இப்படிக் காணாமல் போனதால் வந்தது. ஃபிரெட்டை அழுத்தினால் தந்தியின் நீளம் மாறும், அசையாத புள்ளியும் நகரும், காணாமல் போகும் கூறும் மாறும். சில்லு செய்வது இந்தக் கணக்கைத்தான். காந்தம் இந்த இடத்தில் இருந்திருந்தால் எது கேட்டிருக்கும், எது கேட்காமல் போயிருக்கும் என்று ஆறு தந்திக்கும் தனித்தனியாகப் போடுகிறது. முதல் முறை இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதில் கவனியுங்கள். இந்தக் கணக்கில் மேப்பிள் மரத்தின் அழகான வரி எங்கே வந்தது? பளபளக்கும் பாலிஷ் எங்கே வந்தது? மரம் தந்தியின் ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றும், அதை மறுக்கவில்லை. ஆனால் குமிழைத் திருப்பியதும் நீங்கள் கேட்பதில் பெரும்பங்கு சில்லு சொல்வதுதான்.

சரி, நம்ம ஊர் உதாரணத்துக்கு வருவோம். குன்னூரில் தேயிலை ஏலம் நடக்கிறது, உங்களுக்குத் தெரியும். ஏலத்துக்கு முன்னால் டீ டேஸ்டர் வரிசையாகக் கிண்ணங்களை வைத்து, ஒரு கரண்டி எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, துப்பிவிட்டு அடுத்ததற்குப் போவார். அவர் முன்னால் டப்பா கிடையாது. இலை, சாயம், ருசி, அவ்வளவுதான். அதே தேயிலை சுற்றுலாக் கடைக்கு வரும்போது ஒன்று பிளாஸ்டிக் பாக்கெட்டில் இருக்கும், ஒன்று செதுக்கிய மரப்பெட்டியில் இருக்கும். ஊருக்கு எடுத்துப்போகிறவர்கள் மரப்பெட்டியை வாங்குகிறார்கள். தப்பில்லை, பெட்டி அழகு, தேயிலை தீர்ந்த பிறகும் அலமாரியில் இருக்கும். ஆனால் டீ ஒன்றுதான்.

ஆர்தடாக்ஸ் தேயிலையும் சிடிசி தேயிலையும் அப்படி இல்லை. ஒரே தோட்டத்து இலையாகக்கூட இருக்கலாம். ஆர்தடாக்ஸில் இலையை உருட்டுகிறார்கள், சிடிசியில் பல் வைத்த உருளைகளுக்கு நடுவே நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிறார்கள். கோப்பையில் இறங்குவதே வேறு. இங்கே விலை வித்தியாசத்தை நாக்கே சொல்லிவிடும்.

பிரீமியம் கிட்டார் என்றாலும் கேள்வி இதுதான். நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது மரப்பெட்டிக்கா, ஆர்தடாக்ஸுக்கா?

மரப்பெட்டிக்கு உதாரணம் ஜேம்ஸ் டைலர் வேரியாக்ஸ், சுருக்கமாக ஜேடிவி. 2010-ல் வந்தது. டைலர் கலிஃபோர்னியாவில் கிட்டார் செய்பவர், வடிவமைப்பு அவருடையது. ஜேடிவி-59, ஜேடிவி-69 என்ற இரண்டு மாடலிலும் கொரியாவில் செய்தது உண்டு, அமெரிக்காவில் செய்ததும் உண்டு. உள்ளே இருக்கும் மூளை ஒன்றுதான், பியெசோ சாடிலும் ஒன்றுதான். விலை மட்டும் இரண்டு மடங்கைத் தாண்டியது. அப்புறம் யமஹா லைன் 6-ஐ வாங்கியது, இந்தோனேசியாவில் செய்த வேரியாக்ஸ் ஸ்டாண்டர்ட் இன்னும் குறைந்த விலைக்கு வந்தது. அதிலும் அதே தலைமுறை மாடலிங்தான்.

ஆர்தடாக்ஸுக்கு உதாரணம் ஃபெண்டர் அக்கூஸ்டசோனிக் டெலி, அக்கூஸ்டிக் ஒலியும் எலக்ட்ரிக் ஒலியும் தரும் கிட்டார். 2019-ல் அமெரிக்கத் தயாரிப்பு ஏறக்குறைய 2,000 டாலருக்கு வந்தது. 2021-ல் மெக்சிகோவில் செய்த பிளேயர் வரிசை 1,200 டாலருக்கு வந்தது. இங்கே விலை குறைந்ததும் மூளையே மாறுகிறது. அமெரிக்கக் கிட்டாரில் பத்து ஒலி, பிளேயரில் ஆறு. உடலைத் தட்டினால் உணரும் சென்சார் அமெரிக்கக் கிட்டாரில் இருக்கிறது, பிளேயரில் இல்லை. மிருதங்கம் மாதிரி பலகையில் தட்டி வாசிக்கிறவருக்கு அந்த 800 டாலர் வித்தியாசம் காதிலேயே கேட்கும். தட்டாமல் ஸ்ட்ரம் மட்டும் அடிக்கிறவர் பிளேயரை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

அப்படியானால் அமெரிக்க ஜேடிவி வாங்கியவர் ஏமாந்தாரா? இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமாகப் பேசியவன் ஆக மாட்டேன். என் நண்பர் ஒருவரிடம் அந்தக் கிட்டார் இருக்கிறது. என்னிடம் இருப்பது கொரியத் தயாரிப்பு. மலையில் இருக்கிறவர்களுக்கு நெக் என்பது வானிலை மாதிரி, தினமும் பார்க்க வேண்டிய ஒன்று. வடகிழக்குப் பருவமழை இறங்கினால் இங்கே வாரக்கணக்கில் சட்டை காயாது. மரமும் ஈரத்தைக் குடித்து வளையும். காலையில் குன்னூரில் ட்யூன் செய்து, மதியம் மேட்டுப்பாளையம் இறங்கினால் 1,500 மீட்டர் கீழே வேறொரு காற்று. போன மழைக்காலத்தில் என் கிட்டாரின் டிரஸ் ராடை, அதாவது நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியை, மூன்று முறை திருப்பினேன். நண்பர் ஒரு முறைகூடத் தொடவில்லை. ஃபிரெட் ஓரங்கள் விரலில் உறுத்தவே இல்லை. இரண்டு மணி நேரம் வாசித்தாலும் கை சோராது. அந்தச் சுகத்துக்கு விலை உண்டு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அது நல்ல மரவேலைக்கான விலை, மாடலிங்குக்கான விலை இல்லை.

பிரீமியம் வாங்கினாலும் தீராத ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன், டிசம்பர் நெருங்குவதால். கேரல் ரவுண்டில் பாடுகிறவர் "அரைச் சுருதி இறக்குங்க" என்றால் குமிழைத் திருப்பினால் போதும் என்று நினைப்பீர்கள். மேடையில், பெரிய ஸ்பீக்கரில், அற்புதமாக வேலை செய்யும். ஆனால் தந்தி பழைய சுருதியிலேயேதான் அதிர்கிறது. ஒரு சின்ன வீட்டு ஹாலில் சத்தத்தைக் குறைத்து வாசித்தால் தந்தியின் சுருதியும் ஸ்பீக்கரின் சுருதியும் சேர்ந்து காதில் விழும். பல் கூசும். எத்தனை ஆயிரம் கூடுதலாகக் கொடுத்தாலும் கூசும்.

இன்னொன்று, வயது. நல்ல மரமும் நல்ல நெக்கும் ஐம்பது வருடம் போகும். சர்க்யூட் போர்டும் பேட்டரியும் அவ்வளவு நாள் தாங்காது. ஆரம்ப கால வேரியாக்ஸில் காந்த பிக்கப்பே கிடையாது, போர்டு போனால் கிட்டார் ஊமை. ஜேடிவியில் காந்த பிக்கப்பும் இருக்கிறது. மாடலிங் செத்தாலும் அது கிட்டாராகவே இருக்கும். அதனால் தம்பி, கடையில் முதலில் மாடலிங்கை அணைத்துவிட்டு, காந்த பிக்கப்பில் மட்டும் அரை மணி நேரம் வாசியுங்கள். அந்த நிலையிலேயே கீழே வைக்க மனம் வரவில்லை என்றால் பிரீமியம் எடுங்கள். "குமிழைத் திருப்பினால்தான் நல்லா இருக்கு" என்று தோன்றினால் விலை குறைந்ததை எடுத்து, மிச்சக் காசில் நல்ல ஆம்ப் வாங்குங்கள். நானாக இருந்தால் ஆம்ப்தான்.

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு விடை. முதலாவது நண்பருடைய அமெரிக்கக் கிட்டார், இரண்டாவது என்னுடையது. இரண்டிலும் ஒரே ஸ்பேங்க் ஒலி (வேரியாக்ஸில் ஸ்டிராட் ஒலிக்கு வைத்த பெயர்), ஒரே தந்தி செட், ஒரே ஆம்ப். அதே இரண்டையும், அதே வரிசையில், மாடலிங்கை அணைத்துவிட்டு இப்போது வாசிக்கிறேன். ஹெட்ஃபோன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள்.

(இரண்டு கிட்டாரும் ஒன்றன்பின் ஒன்றாக. திரை மீண்டும் இருட்டு.)